பல் டாக்டர் வீட்டு அலமாரியும் ஒரு போர்த்துகீசியக் கிட்டாரும்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தார்கள். பந்தியில் கஸ்பாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மோதிரம் மாற்றி முடிகிறவரை அவர் பேச்சு ஒரு குறிப்பிட்ட விஷயத்தின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பதில் துறைமுகத்தில் போய் மூட்டை தூக்கு என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

கஸ்பார் எங்கள் தூத்துக்குடியில் கிட்டார் செய்கிறவர். கடையில் தொங்குகிற கிட்டார் இல்லை. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த மாதிரி, இடுப்பு சிறுத்து, ஆட்டுக்குடல் நரம்பை இரட்டை இரட்டையாகக் கட்டி, ஒலித்துளையில் தோலில் வெட்டிய பூ வைத்து, ஈட்டி மரத்திலும் தேவதாருவிலும் இழைத்து இழைத்துச் செய்வார். கை தங்கக் கை. அந்தக் கையைப் படைத்த கடவுள் அதே ஆளுக்கு அந்த வாயை எதற்கு வைத்தார் என்று எங்கள் ஊர்ச் சாமியாரே ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

நான் துரைப்பாண்டி. பழைய மரக்கடை வைத்திருக்கிறேன். வீடு இடித்தால் கதவு, உத்தரம், அலமாரி வாங்கி விற்பேன். கஸ்பாருக்கு மரம் என் கடையில்தான்.

விசேஷம் என்னவென்றால், ஐஸ் பேக்டரி அல்வாரிஸின் மகன் லயோனலுக்கும் புதுச்சேரி ஜாக்குலினுக்கும் நிச்சயதார்த்தம். கூடப் படித்தவர்கள், ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அந்துவான் புதுச்சேரியில் பாரம்பரிய விடுதி நடத்துகிறவர். அந்த விடுதியில் நாற்காலிக்குக்கூட வம்சாவளி உண்டு. சம்பந்தம் பேச வந்தவர் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "உங்க குடும்பத்துல பழசா என்ன இருக்கு?" என்பதுதான். அல்வாரிஸ் வீட்டில் பழசாக இருந்தது ஐஸ் உடைக்கிற இயந்திரம் மட்டும். பயத்தில் அவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "ஒரு கிட்டார் இருக்கு. போர்த்துகீசியக் கப்பல் தலைவர் எங்க பாட்டனாருக்குப் பாட்டனாருக்குக் கொடுத்தது."

சொன்ன மறுநாள் அவர் கஸ்பாரிடம் ஓடினார். கஸ்பார் என்னிடம் ஓடி வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டர் வீட்டை இடித்தபோது வாங்கிப் போட்ட ஈட்டி அலமாரி என்னிடம் இருந்தது. அதன் கதவு ஒன்றைக் கொடுத்தேன். கஸ்பார் அதை மெல்லிய பலகைகளாக அறுத்து, ஒன்றைக் கிட்டாருக்கு முதுகாக வைத்தார். அதில் பூட்டுத் துளை ஒன்று இருந்தது. அதைக் கருங்காலி வைத்து அடைத்தார். அல்வாரிஸ் அந்த அடைப்புக்கும் ஒரு சரித்திரம் தயார் செய்துகொண்டார். டச்சுக்காரன் சுட்ட குண்டு பாய்ந்த இடமாம்.

கஸ்பாரிடம் மாதா மேல் சத்தியம் வாங்கியிருந்தார்கள். இருந்தாலும் லயோனலுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் என்னை மண்டபத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "அங்கிள், அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா அப்பவே எழும்பிப் போயிருவாவ. ஜாக்குலின் இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே இல்ல. கஸ்பார் அங்கிளை மட்டும் பாத்துக்கிடுங்க." பையன் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நான் போட்ட திட்டம் சுலபமானது. கஸ்பார் பேசாமல் இருக்க மாட்டார். ஆகவே பேசவிடுவது. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கிட்டாரைத் தவிர, உலகத்தில் உள்ள மற்ற எல்லாக் கிட்டாரைப் பற்றியும் பேசவிடுவது.

எங்கள் மேஜையில் எதிரே மச்சாடோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், லேசில் எதையும் நம்பாதவர். அவருக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா டீச்சர், கணக்கு பாடம். கஸ்பார் வந்து உட்கார்ந்ததும் சாப்பாட்டு மேஜையை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "மாமரம். வெயில்ல காயவைக்காம அவசரத்துல செஞ்சிருக்கான்" என்றார். அப்படியே தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி பளபளவென்று இருந்தது. அவர் உதடு பிரிவதைப் பார்த்ததும் நான் குறுக்கே விழுந்தேன்.

"அண்ணாச்சி, மரம் தட்டுததுன்னதும் ஞாபகம் வருது. படகுத்துறையில என்னமோ ஒரு தூணு..."

"அதுவா! கேளும்வே." முகம் மலர்ந்துவிட்டது. "பழைய படகுத்துறையில ஒரு தேக்குத் தூணு. போற போக்குல ஒரு தட்டு தட்டுனேன். உள்ள இருந்து, 'எனக்கு இடுப்பு வலிக்கு, பக்கத்துத் தூணைக் கொஞ்சம் தாங்கச் சொல்லு'ன்னு சத்தம் வருது."

"எந்த பாஷையில?" என்று ஸ்டெல்லா டீச்சர் கேட்டார்.

"பர்மாத் தேக்குலா டீச்சர், பர்மா பாஷைதான். மனுசன் பேசுனா எனக்குப் புரியாது. மரம் பேசுனா புரியும். அன்னைக்குச் சாயங்காலமே பக்கத்துத் தூணுகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அது மலையாளத்துக் கட்டை. கொஞ்சம் வம்பு பண்ணுச்சு, பொறவு ஒத்துக்கிடுச்சு."

"நான் அந்தத் துறையில முப்பது வருஷம் வேலை பாத்திருக்கேன், எங்கிட்ட ஒரு தூணும் பேசலியே" என்றார் மச்சாடோ.

"உம்ம கிரேன் சத்தத்துல அதுக பேசுனது உமக்கு எப்படிக் கேக்கும்?"

பிரியாணி வந்தது. கஸ்பார் ஒரு எலும்பை எடுத்து, அதையும் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கடித்தார். கண் மறுபடியும் மேடைக்குப் போயிற்று. "என்னதான் சொல்லும், மேல்பலகைய இழைக்கதுலதான் சூட்சுமமே இருக்கு. அந்தா இருக்குலா..."

"மணப்பாட்டுக்காரருக்கு ஒண்ணு இழைச்சீரே, அதைச் சொல்லும் அண்ணாச்சி!" என்றேன். மணப்பாட்டில் அவருக்கு யாரையாவது தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

"அவரா? ஆமா." ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "காத்து மாதிரி லேசா வேணும்னு கேட்டாரு. தேவதாருப் பலகைய இழைச்சேன். இழைக்க இழைக்க, பலகைக்கு அந்தப் பக்கம் எம் பொஞ்சாதி மீன் ஆயுதது தெரியுது. இன்னும் கொஞ்சம் இழைச்சேன். சாளையா, நெத்திலியான்னு தெரியுது. இன்னும் ஒரு இழைப்பு. பலகையே தெரியல."

"தொலைஞ்சு போச்சாக்கும்?"

"எங்க தொலையும்? அங்கனதான் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிசு. கையால தடவித் தடவித்தான் ஒட்டுனேன். அந்தக் கிட்டாரை வாங்குனவரு நங்கூரத்தோட கட்டிக்கிட்டுத்தான் வாசிப்பாரு. இல்லாட்டி காத்துல போயிரும்."

மச்சாடோ கரண்டியைக் கீழே வைத்தார். "நங்கூரம் என்ன எடை இருக்கும்?"

"அவர்கிட்டயே கேளும்."

"எங்க இருக்காரு?"

"ஆடி மாசக் காத்துல நங்கூரத்தோட கிளம்புனவரு. இறங்கி வந்ததும் நானே உம்மைக் கூட்டிட்டுப் போறேன்."

பக்கத்து மேஜைக்காரர்களும் நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கேட்க ஆள் கூடினால் கஸ்பாருக்குப் பசி மறந்துவிடும். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. இப்படியே மோதிரம் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

"மீன்பிடிக்கக் கிட்டார் செஞ்சு குடுத்தீராமே?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அதை ஏன் கேக்கீரு? விசைப்படகுக்காரன் ஒருத்தன் அழுதுக்கிட்டு வந்தான். வலையில ஒண்ணும் விழலன்னான். பூவரச மரத்துல ஒண்ணு செஞ்சு குடுத்தேன். படகு முன்மூக்கு அணியத்துல உக்காந்து சந்தோஷமான ராகமா வாசிச்சா சீலா மீனு வரும். சோகமா வாசிச்சா கணவா வரும், அதுக்கு மனசு இளகுன ஜாதி. வலையே போட வேண்டாம், அதுவாத் துள்ளிப் படகுல ஏறி வரிசையா உக்காந்துக்கிடும். ஒருநாள் அவன் தம்பிகாரன் சுதி சேக்காம வாசிச்சுப்புட்டான்."

"என்ன வந்துச்சு?"

"கொழும்புல இருந்து கடற்படை வந்துச்சு. அந்தச் சத்தத்தை நிப்பாட்டச் சொல்லி."

பந்தி குலுங்கிச் சிரித்தது. ஸ்டெல்லா டீச்சருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "ஆமா, புதுக் கிட்டாரைப் பழசு மாதிரி எப்படிப் பண்ணுவீங்க?" என்று.

"உப்பளம், டீச்சர்!" கஸ்பார் கையைக் கழுவாமலே விரலை ஆட்டினார். "உப்பளத்துல புதைச்சு வச்சா வருஷம் ஏறும். எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஏறுனதும் எடுத்துரணும். ஒருத்தருக்கு முந்நூறு வருஷம் பழசு வேணும். புதைச்சுட்டு வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போனேன். திரும்பி வர முடியல, ரயில்ல இடம் கிடைக்கல. வந்து பாத்தா முந்நூறைத் தாண்டி, மரம் வெட்டுததுக்கு முந்துன காலத்துக்கே போயிருச்சு. இலை விட்டிருக்கு. ஒலித்துளையில கிளி முட்டை போட்டிருக்கு. கிளையில சின்னச் சின்னக் கிட்டாரா காய்ச்சுத் தொங்குது. அதைப் பறிச்சுத்தான் இப்ப கடையில யுகுலேலேன்னு விக்கான்."

சிரிப்பு அடங்கும்போது கஸ்பார் பெருமூச்சு விட்டார். "ஆனா, உப்பளம் இல்லாமலே ஒண்ணு செஞ்சேன் பாரும்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் இலையில் பொரித்த சீலா ஒன்றை வைத்தேன். அதைத் தின்றார். இன்னொன்று வைத்தேன். அதையும் தின்றார்.

அந்த நேரம் பார்த்து மேடையில் அல்வாரிஸ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கிட்டாரை இரண்டு கையாலும் ஏந்தி அந்துவானிடம் கொடுத்தார். அந்துவான் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என்னா வேலைப்பாடு! என்னா நேர்த்தி! இந்தக் காலத்துல எவனாலயும் இப்படி ஒண்ணைச் செய்ய முடியாதுங்க. கையெடுத்துக் கும்பிடணும். செஞ்சவன் செத்து நானூறு வருஷம் ஆச்சு."

கஸ்பாரின் வாயில் மீன் அப்படியே நின்றது. திட்டியிருந்தால் பொறுத்திருப்பார். இது பாராட்டு. வாழ்நாளெல்லாம் கேட்க ஆசைப்பட்ட பாராட்டு, வேறு எவனோ செத்துப்போனவன் பேருக்குப் போகிறது. நான் அவர் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கீரு" என்று காதில் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். என்ன இருந்தாலும் நல்ல மனுஷன். விழுங்கிவிட்டார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. "எங்க வீட்டுப் பழசையும் நீங்க பார்க்கணும்" என்று அந்துவான் கையைத் தட்டினார். வெல்வெட் உறை போட்ட பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஒரு கிட்டார். பிரெஞ்சு கவர்னர் அவருடைய முப்பாட்டனுக்குக் கொடுத்ததாம். "இங்கிலீஷ்காரன் கோட்டையைச் சுட்டப்போ பாஞ்ச குண்டு, இதோ!" என்று முதுகைத் திருப்பிக் காட்டினார். ஈட்டிப் பலகையின் நடுவில் கருங்காலி அடைப்பு ஒன்று கறுப்பாகப் பளபளத்தது.

எனக்கு அந்தப் பலகையை நன்றாகத் தெரியும். என் கடையில் எத்தனையோ நாள் அதில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

அல்வாரிஸ் மரியாதைக்கு மரியாதை செய்தார். "இப்ப உள்ளவனுவ கையில இந்த வேலை வருமா? எல்லாம் கூலிக்கு மாரடிக்கிற கூட்டம்!"

கஸ்பார் நாற்காலி கவிழ எழுந்தார்.

"ரெண்டும் நான் செஞ்சது!"

முதலில் மச்சாடோதான் சிரித்தார். அவரைத் தொடர்ந்து எங்கள் மேஜை, அடுத்த மேஜை, பந்தி பரிமாறுகிறவர்கள் என்று எல்லாரும் சிரித்தார்கள். "ஏ கஸ்பாரு, நங்கூரத்தோட பறந்தவன் கதையைக்கூட நம்பிரலாம்வே, இதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார் மச்சாடோ.

"எம்மா சத்தியமா! புதுச்சேரி பழம்பொருள் கடைக்காரன் ஒருத்தன் எங்கிட்டச் சொல்லிச் செஞ்சு வாங்குனது அது. ரெண்டுக்கும் ஒரே அலமாரிக் கதவு. அது குண்டு இல்ல, பூட்டுத் துளை! துரைப்பாண்டி, சொல்லும்வே! உம்ம கடை மரம்லா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் லயோனல் வெளிறிப்போய் நின்றான். ஜாக்குலின் அவன் கையைப் பிடித்திருந்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

"பிரியாணி ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

கஸ்பார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நேராக மேடை ஏறினார். தடுக்கப் போனவர்களை ஒதுக்கிவிட்டு இரண்டு கிட்டாரையும் வாங்கி முதுகோடு முதுகாகச் சேர்த்து, புத்தகம் மாதிரி விரித்துக் காட்டினார். "வந்து பாருங்க. பக்கத்துப் பக்கத்துப் பலகை. ரேகைக்கு ரேகை சேரும். துளைக்குத் துளை சேரும்."

ஸ்டெல்லா டீச்சர்தான் முதலில் ஏறிப் பார்த்தார். கணக்கு டீச்சர், பொய் சொல்லத் தெரியாது. "ஆமா, அப்படியே பொருந்துதே" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது நான் இரண்டு அப்பாக்களின் முகத்தையும் பார்த்தேன். அல்வாரிஸுக்கு வேர்த்து ஊற்றியது. அது எனக்குப் புரிந்தது. அந்துவானுக்கும் வேர்த்து ஊற்றியது. அதுவும் புரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி உப்பளத்தில் விளைந்த இரண்டு பேர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தித்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

அந்துவான் மைக்கை எடுத்தார்.

"எங்க தாத்தா சொல்லுவாரு. நான்தான் நம்பல. 'நம்ம கிட்டாருக்கு ஒரு ஜோடி இருக்கு, தெக்கே ஒரு கடற்கரையில இருக்கு'ன்னு."

அல்வாரிஸ் விடவில்லை. மைக்கைப் பறிக்காத குறையாக வாங்கினார். "எங்க பாட்டனாரும் சொல்லியிருக்காவ! ஒரே மரம்! கப்பல் தலைவரும் கவர்னரும் அக்கா தங்கச்சியைக் கட்டுனவிய. ரெண்டு கிட்டாரையும் முதுகோட முதுகா ஒரே பெட்டியில வச்சிருந்த நேரம், ஒரே குண்டு!"

"ரெண்டையும் துளைச்சுது!" என்றார் அந்துவான்.

"போர்த்துகீசியர் போய் ரொம்ப வருஷம் கழிச்சுத்தானே பிரெஞ்சுக்காரங்க வந்தாங்க?" என்று ஸ்டெல்லா டீச்சர் கேட்டார்.

"அந்தக் காலத்துல ஆயுசு கெட்டி, டீச்சர்" என்றார் அல்வாரிஸ்.

"சுட்டது டச்சுக்காரனா, இங்கிலீஷ்காரனா?" என்று கீழேயிருந்து யாரோ கேட்டார்கள்.

"டச்சுக்காரன் துப்பாக்கி, இங்கிலீஷ்காரன் கை!" என்றார் அந்துவான். "நம்பலைன்னா கேளுங்க, குண்டு இன்னும் உள்ளதான் இருக்கு." அவர் தன் கிட்டாரை எடுத்துக் குலுக்கினார். உள்ளே ஏதும் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாமல்தான் குலுக்கியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே நிஜமாகவே என்னவோ கடகடவென்று உருண்டது.

ஒரு பாட்டியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "பிரிஞ்சு போன ரெண்டு கிட்டாரும் இத்தனை தலைமுறை கழிச்சு இந்தப் பிள்ளைகளால சேந்திருக்கு" என்று அந்துவான் தழுதழுத்தார். அல்வாரிஸ் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நூற்றுக்கணக்கான பேர் எழுந்து கை தட்டினார்கள். எதையும் நம்பாத மச்சாடோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அழுகைக்கு நடுவிலேயே மோதிரம் மாற்றினார்கள். லயோனலின் முகத்தைப் பார்த்து எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. என்னுடையது மட்டும் நிஜக் கண்ணீர்.

கஸ்பார் மெதுவாக இறங்கி வந்து உட்கார்ந்தார். வழியில் ஒரு அம்மாள் அவரை நிறுத்தி, "பெரிய மனுசங்க பொருளை நான் செஞ்சேன்னு சொல்லுதீரே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அது குண்டு இல்லவே" என்றார் என் காதில். "என் பென்சில் கட்டை. ரெண்டு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்."

"குண்டு இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. என்னை மன்னிச்சுக்கிடும்."

அவர் இலையை மடித்தார். "நான் எம்புட்டோ சொல்லியிருக்கேன். தூணு பேசியிருக்கு, கிட்டார் காய்ச்சிருக்கு. ஒரு பய அழுததில்ல. இவனுவ ரெண்டு வார்த்தை சொன்னானுவ, ஊரே அழுதுச்சு. ஏன்வே?"

"நீரு சொன்னா அது புளுகு அண்ணாச்சி. அவிய சொன்னா அது பரம்பரை."

கஸ்பார் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அந்த அலமாரியில மிச்சம் ஏதும் கிடக்கா?"

"இன்னொரு கதவு கிடக்கு. எதுக்கு?"

"எங்க தாத்தா லிஸ்பன் அரண்மனையில கிட்டார் வாசிச்சவருவே" என்றார் கஸ்பார்.